வேலூர் 1806: வென்று கொடுத்த கைகளே திரும்பிய நாள்

அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களைப் பற்றிப் பேசும்போது மன்னர்களையும் குறுநிலத் தலைவர்களையுமே நாம் முதலில் நினைவுகூருகின்றோம். வன்னி மண்ணில் அந்த நினைவு பண்டாரவன்னியனுக்கு உரியது. 1803 ஓகஸ்ட் 25 அன்று அவன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. உடையார்கட்டுக்குத் தெற்கே, ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடு என்னும் ஊர் அத்தோல்வியைக் குறித்து நாட்டப்பட்ட கல்லினால் அறியப்பட்டது.

அது தனித்து நிகழ்ந்த ஒன்றன்று. 1799இல் சிறீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தான். அவ்வாண்டிலேயே கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிரித்தானியர் ஒருவர்பின் ஒருவராகச் சுதேச ஆட்சியாளரை வீழ்த்திவந்த காலம் அது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. கடல் கடந்து வந்த சிறு தொகையினரான ஆங்கிலேயரால் இத்தனை போர்களை எவ்வாறு வெல்ல முடிந்தது? அதற்கான விடை மதராஸ் படையில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பனியின் அப்படையில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்களே. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையையும், 1796இல் கொழும்பையும் கைப்பற்றிய படைகளிலும் அவர்கள் இருந்தனர். கம்பனியின் வெற்றிகள் அவர்களின் உடலுழைப்பாலும் உயிரிழப்பாலும் பெறப்பட்டவை. அந்தச் சிப்பாய்களே 1806 யூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் தமது துப்பாக்கிகளை மறுபுறம் திருப்பினர். அதுவே வேலூர் எழுச்சியின் தனிச்சிறப்பாகும்.

இவ்வெழுச்சிக்குத் தலைப்பாகையே காரணம் எனப் பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. மதராஸ் படையின் தலைமைத் தளபதி சேர் ஜோன் கிரடொக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். கடமையில் உள்ள சிப்பாய் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி வைத்திருக்கலாகாது. தோல் சின்னம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும். ஆங்கிலேயரின் தொப்பியை ஒத்திருந்த அதனை, தம்மை மதம் மாற்றுவதற்கான முதற்படியாகவே இந்துக்களும் முஸ்லிம்களும் கண்டனர்.

ஆயினும் தலைப்பாகைக்குப் பின்னால் நெடுநாட் குறைகள் இருந்தன. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் இந்தியர் ஒருவர் சுபேதார் பதவிக்கு மேல் உயர முடியாது. நரைத்த தலையுடைய சுபேதாரும் நேற்று வந்த இளம் ஆங்கில அதிகாரிக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஊதியத்திலும் பெரும் வேறுபாடு இருந்தது. போரில் உயிர்கொடுக்க அழைக்கப்பட்டவனிடம், அவனுடைய நம்பிக்கையைத் தொடும் விடயத்தில் ஒரு வார்த்தை கேட்பதற்குக்கூட எவருமில்லை.

எச்சரிக்கைகள் இல்லாமலுமில்லை. 1806 மே மாதத்திலேயே வேலூரில் இருந்த ஒரு படைப்பிரிவினர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். அவர்களில் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். யூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், நடக்கவிருப்பதைத் தன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே கூறினான். அவன் சித்தம் கலங்கியவன் எனச் சொல்லி விலங்கிட்டு அடைத்துவைத்தனர். குறையைச் சொன்னவர்களுக்குக் கசையடியும், ஆபத்தைச் சொன்னவனுக்குச் சிறையுமே கிடைத்தன.

திப்புவின் மைந்தர்களும் குடும்பத்தினரும் அப்போது வேலூர்க் கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். யூலை 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் அங்கு நிகழ்ந்தது. மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி கேணல் பான்கோட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பிரித்தானியர் கொல்லப்பட்டனர். உறக்கத்தில் இருந்தவர்களும் நோயாளரும் அவர்களுள் அடங்குவர் என்பதை மறைப்பதற்கில்லை. கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது.

ஆனால், கோட்டையைப் பிடித்தவர்கள் அதனைக் காக்க ஆயத்தமாக இருக்கவில்லை. ஒழுங்கான தலைமை இல்லை; வெளியிலிருந்து துணைப்படை வரவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி ஒருவர் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுசென்றார். கேணல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் கதவு தகர்க்கப்பட்டது. அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, மதிலோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என ஒரு கணக்கும், 800 பேர் என வேறொரு கணக்கும் உண்டு. பின்னர் நடந்த விசாரணையில் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர். மூன்று படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அரை நாளில் அடக்கப்பட்ட இவ்வெழுச்சி இலண்டன் வரை அதிர்வை ஏற்படுத்தியது. உடை விதிகள் மீளப்பெறப்பட்டன. 1807இல் மதராஸ் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் தளபதி கிரடொக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஆனால் விதி மாறியதே தவிர, ஆள்பவனுக்கும் அவனுக்காகப் போரிடுபவனுக்கும் இடையிலான உறவு மாறவில்லை. அதனாலேயே 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா என்ற வேறொரு பொறியிலிருந்து வட இந்தியாவில் மீண்டும் தீ மூண்டது.

வேலூர்க் கோட்டை இலங்கை வரலாற்றோடும் தொடர்புடையது. 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரமராஜசிங்கன் 1816இல் அங்கேயே கொண்டுசெல்லப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவனது நினைவைத் தாங்கி நிற்கின்றது.

மன்னர்களுக்கு மண்டபமும் கல்லும் கிடைத்தன. வேலூரில் மாண்ட சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலானோரின் பெயர்களைப் பொதுமக்கள் அறியார். 2006இல் இருநூறாவது ஆண்டு நிறைவின்போது இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது வரவேற்கத்தக்கதே. அதற்கும் மேலாக அவர்கள் விட்டுச் சென்ற பாடம் நினைவிற் கொள்ளத்தக்கது. தன் ஆட்சியைத் தாங்கி நிற்பவனின் குறையைக் கேட்க மறுத்து, எச்சரித்தவனைப் பைத்தியக்காரனாக்கும் ஆட்சி, தன் கோட்டைக்குள்ளேயே பகையை வளர்த்துக்கொள்கின்றது. எவ்வளவு உயர்ந்த மதிலாலும் அந்தப் பகையைத் தடுக்க முடியாது.