பக்கத்து மாநிலத்துப் பழைய படகு: மலிவா, செலவா?



கடலோரக் குழுக்களில் படகுக் கடன் கேட்டு வரும் மனுக்களில் ஒரு பேச்சு அடிக்கடி வருது. "இங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்றாங்க. கேரளாவிலே அதே படகு அறுபதாயிரம் குறைச்சலா கிடைக்குது. காரைக்கால்ல இருக்குது, ஆந்திராவிலே இருக்குது, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்று சொல்றாங்க. இது தப்பான யோசனை இல்லை. பெரிய வள்ளத்துக்கு மாறுகிறவர்கள் சின்னதை விற்பாங்க. தொழிலை விட்டுப் போகிறவர்களும் விற்பாங்க. நல்ல படகும் அதிலே கிடைக்கும்.

ஆனால் படகு பார்க்கப் போறவர் வீட்டு ஆண்கள். கடன் கையெழுத்து போடுகிறவர் நாம். தவணை கட்டத் தவறினால் நம் குழுவின் பெயர்தான் கெடும். அதனால் இந்த வியாபாரத்தின் முழுக் கணக்கும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும். முக்கியமான விஷயம் இதுதான்: அங்கே சொல்கிற விலை படகின் விலை இல்லை. நம் கரையில், நம் பெயரில் பதிவாகி, கடலுக்குப் போகத் தயாராக நிற்கும்போது எவ்வளவு ஆகியிருக்கோ, அதுதான் விலை.

முதலில் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜினோடு ஒரு பழைய ஃபைபர் படகு நம் ஊரில் ரூ.2,40,000, கேரளாவில் ரூ.1,80,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ரூ.60,000. இனி செலவு:

* நான்கு பேர் இரண்டு முறை போய் வர, சாப்பாட்டோடு: ரூ.8,000
* தரகு: ரூ.5,000
* லாரி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி: ரூ.28,000
* பதிவு மாற்ற அலைச்சல்: ரூ.4,000
* பெயிண்ட், புது எண் எழுதுவது: ரூ.7,000
* சில்லறைப் பழுது: ரூ.10,000
* காகிதம் வரும்வரை படகு கரையில் நிற்கும் இரண்டு மாத வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம் என்றால்: ரூ.3,600

மொத்தம் ரூ.65,600. மிச்சம் பிடித்தது அறுபதாயிரம், செலவானது அறுபத்தைந்தாயிரத்து அறுநூறு! இரண்டு மாதம் தொழில் இல்லாத நஷ்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. விலை வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தாலோ, இரண்டு குடும்பம் சேர்ந்து வண்டி வாடகையைப் பங்கு போட்டாலோ லாபம் நிற்கும். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு இதே கணக்கைக் குழுக் கூட்டத்தில் எழுதிப் பாருங்க. எழுதின பிறகு பேசுங்க.

காகிதம்தான் பாதிப் படகு

நம் நாட்டில் மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் மீன்வளத்துறையில் பதிவு செய்யணும். இந்தப் பதிவு இப்போது 'ரியல்கிராஃப்ட்' என்கிற கணினி முறையில் நடக்குது. படகில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்க. தமிழ்நாட்டுப் படகு என்றால் டி.என்., கேரளா என்றால் கே.எல். என்று மாநில எழுத்து இருக்கும்.

பதிவு வேறு, மீன்பிடி உரிமம் வேறு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது அந்தந்த மாநிலச் சட்டம். கேரளாவுக்கு 1980-ஆம் வருடத்துச் சட்டம், தமிழ்நாட்டுக்கு 1983-ஆம் வருடத்துச் சட்டம். அங்கே வாங்கின உரிமத்தை வைத்து இங்கே தொழில் செய்ய முடியாது.

காரைக்கால் நாகப்பட்டினத்துக்குப் பக்கம்தானே என்று நினைக்கலாம். தூரம் குறைவு, வண்டி வாடகை மிச்சம், உண்மைதான். ஆனால் அது புதுச்சேரி நிர்வாகம். காகித வேலை கேரளாவுக்கு ஆகிற மாதிரியேதான் ஆகும்.

முழுப் பணம் கொடுக்கும் முன்னால் கைக்கு வரவேண்டியவை:

1. பதிவுச் சான்றின் அசல். அதில் உள்ள பெயரும் விற்பவர் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கணும்.
2. அந்த மாநில மீன்வளத்துறை தரும் தடையில்லாச் சான்று. இதை என்.ஓ.சி. என்று சொல்வாங்க.
3. கடன் பாக்கி இல்லை என்ற கடிதம். கேரளாவில் மத்ஸ்யஃபெட் கூட்டுறவு வழியாகக் கடன் வாங்கிய படகுகள் நிறைய உண்டு. கடன் தீராத படகை வாங்கினால் அந்தப் பாக்கி நம் கரைக்கும் தேடி வரும்.
4. அரசு மானியத்தில் வாங்கிய படகா, அதை விற்க அனுமதி உண்டா என்ற விவரம்.
5. இன்ஜினுக்குத் தனி ரசீது. இன்ஜின் மேல் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப்போகணும்.
6. முத்திரைத்தாளில் எழுதிய விற்பனை ஒப்பந்தம்.

கேரளாவில் பல வள்ளங்களுக்குப் பல பேர் பங்குதாரர். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லாது. பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

"இப்ப எடுத்துட்டுப் போங்க, பவர் எழுதித் தர்றேன், பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவு மாறாத படகுக்கு வரி விலக்கு டீசல் கிடையாது, மானிய மண்ணெண்ணெய் கிடையாது. புயலில் படகு போனால் நிவாரணம் கேட்கவும் வழி இல்லை. இன்ஷூரன்ஸ் கேட்டாலும் முதலில் கேட்பது பதிவுச் சான்றைத்தான்.

படகைத் தட்டிப் பாருங்க

ஃபைபர் படகுக்கு மேலே பெயிண்ட் அடித்தால் எல்லாம் புதுசு மாதிரி தெரியும். தண்ணீரில் மிதக்கும்போது பார்த்து வாங்கக் கூடாது. கரையேற்றி, காயவிட்டு, அடிப்பக்கம் பார்க்கணும்.

ஒரு ரூபாய் நாணயமோ சின்னச் சுத்தியோ வைத்து அணியம் முதல் அமரம் வரை தட்டிக்கொண்டே வாங்க. கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. மத்தளம் மாதிரி பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கு, அல்லது தண்ணீர் இறங்கியிருக்கு. அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போயிருக்குன்னு அர்த்தம். இன்ஜின் மாட்டும் இடத்தில் உள்ளே பலகை வைத்திருப்பாங்க. அது ஊறியிருந்தால் ஒரு நாள் இன்ஜினே கழன்று கடலில் விழும்.

தெற்குக் கேரளாவில் பிளைவுட் பலகையில் கட்டி மேலே ஃபைபர் பூசின படகுகள் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என்ன வகை என்று கேட்டு எழுதி வாங்குங்க. எந்த வருடம் கட்டியது என்றும் கேளுங்க. சுனாமிக்குப் பிறகு 2005, 2006-ஆம் வருடங்களில் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த ஃபைபர் படகுகள் பலவற்றின் தரம் பற்றி அப்போதே புகார் இருந்தது. அவற்றுக்கு இப்போது இருபது வயசு.

அவுட்போர்டு இன்ஜினுக்கு அடிப்பகுதி கியர் ஆயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு. குளிர்ந்த இன்ஜினை நம் ஆளே ஸ்டார்ட் செய்து, கடலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கணும். நாம் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்க. நம் கரையில் ஃபைபர் வேலையும் இன்ஜின் வேலையும் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப்போங்க.

நம் கரைக்கு ஒத்து வருமா?

துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் படகு வேறு, அலை உடைக்கும் மணலில் ஏற்றி இறக்கும் படகு வேறு. சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. கனமான படகு வந்தால் ஒவ்வொரு நாளும் இழுக்க ஆள் கூலி, டிராக்டர் கூலி ஆகும். அடியும் சீக்கிரம் தேயும்.

படகோடு சேர்த்து வலையும் தருகிறோம் என்பாங்க. அது சுருக்குமடி என்றால் கவனம். தமிழ்நாட்டில் 2000-ஆம் வருடமே சுருக்குமடிக்குத் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. சின்னப் படகுக்காரருக்கு அந்த வலையால் பிரயோஜனம் இல்லை, வம்புதான்.

கொண்டு வருவது எப்படி?

லாரிச் செலவை மிச்சம் பிடிக்க, கன்னியாகுமரியைச் சுற்றிக் கடல் வழியே ஓட்டி வரலாம் என்று சிலர் சொல்வாங்க. முன்பின் தெரியாத இன்ஜினை நம்பி அவ்வளவு தூரம் வருவது உயிரோடு விளையாடுவது. அதோடு, 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலில் சோதனை கூடிப்போச்சு. வேறு மாநில எண்ணோடு, கையில் காகிதம் இல்லாமல் வரும் படகைக் கடலோரக் காவல் படை நிறுத்தும். தரை வழியே வந்தாலும் என்.ஓ.சி., ஒப்பந்தம், பதிவுச் சான்று மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

வேறு வழியையும் கேளுங்க

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்குப் புதுப் படகும் வலையும் வாங்க மானியம் வைத்தார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். பெண் பெயரில் கேட்டால் மானியம் கூடுதல் என்பதைக் கவனிங்க. வெளி மாநிலம் கிளம்பும் முன்னால், இப்போது எந்தத் திட்டத்துக்கு மனு வாங்குறாங்க என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்க. அதே அலுவலகத்தில், நாம் வாங்க நினைக்கும் படகின் விவரத்தைச் சொல்லி, "இதை இங்கே பதிவு செய்து தருவீங்களா?" என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளணும்.

குழுவில் எடுக்கவேண்டிய தீர்மானம்

படகுக் கடன் கொடுக்கும் குழுக்கள் இந்த நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்:

* முழுச் செலவுக் கணக்கு எழுதிக் காட்டிய பிறகே கடன் பேச்சு.
* முதலில் சிறு முன்பணம் மட்டும். மீதி என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு. எல்லாம் வங்கி வழியாக விற்பவர் கணக்குக்கு.
* படகு பார்க்கப் போகும்போது கடன் வாங்கும் உறுப்பினரும் கூடப் போகணும்.
* பதிவுச் சான்றில் உறுப்பினர் பெயர் வர வழி உண்டா என்று கேட்டுச் செய்யணும்.

கடைசியாகச் சொன்னது லேசான விஷயம் இல்லை. கடன் நம் பெயரில், படகு அடுத்தவர் பெயரில் என்றால், தவணை மட்டும்தான் நமக்கு மிஞ்சும். மலிவாக வாங்குவது கெட்டிக்காரத்தனம்தான். அந்த மலிவு நம் கரைக்கு வந்து சேருதா என்று பார்த்து வாங்குவோம்.