எண்ணெய் மாற்றியாச்சு, பழைய எண்ணெய் எங்கே?

வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து, விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புவோர் நம்மிடையே உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. என் வேனுக்கு எஞ்சின் எண்ணெயை நானே மாற்றுகிறேன்.

வேலை கடினமில்லை. வேனைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து வேன் கனமாக இருக்கும். வெறும் ஜேக்கை நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்ட் அவசியம். எண்ணெயை வடித்துவிட்டுத் திருகை முடுக்குங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். கையேடு சொல்லும் ரகத்தை, சொல்லும் அளவுக்கே ஊற்றுங்கள்.

வடிந்த கறுப்பு எண்ணெய்தான் பிரச்சினை. பிரிக்பீல்ட்ஸ் கால்வாயில் ஊற்றினால் அது கிள்ளான் ஆற்றில் கலந்து, கிள்ளான் துறைமுகம் பக்கம் கடலுக்கே போகும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் இது ‘எஸ்டபிள்யூ 305’ எனக் குறிக்கப்பட்ட அபாயக் கழிவு. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

மூடி இறுக்கமான கலனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்க வேண்டாம். கலந்தால் மறுசுத்திகரிப்பது சிரமம்.

முதலில் பட்டறையில் கேட்டு வையுங்கள். பிறகு திருகைக் கழற்றுங்கள்.