எஞ்சினுக்கு வந்த ஜுரம்

மனிதனுக்கு ஜுரம் வந்தால் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். மோட்டாருக்கு ஜுரம் வந்தால் அதைத் தெரிவிப்பதற்கென்றே ஒரு சிறு முள்ளை வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியோட்டுகிறவர் அந்த முள்ளை விட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று கடிகார முள்ளையே பார்த்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? நாம் பட்டதைச் சொல்கிறோம்.

2023-ஆம் ஆண்டு வைகாசி மாதம். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்துடன் புறப்பட்டோம். வண்டி, நம் தகப்பனார் வைத்துவிட்டுப் போன 1984-ஆம் வருஷத்து அம்பாஸடர். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள் நம் மனைவி. "இன்னும் இரண்டு மைல் போகட்டும்" என்றோம். அந்த இரண்டு மைலுக்குள் எஞ்சின் இருமி, வெண்புகை கக்கி, நின்றே போயிற்று.

கயிறு கட்டி இழுத்துச் சென்ற முதல் பட்டறையில், எஞ்சினைத் திறந்துகூடப் பாராமல், "ஆயுசு முடிந்தது; வேறு எஞ்சின்தான். 60,000 ரூபாய் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் காலேஜுச் சம்பளத்துக்காக நாம் சேர்த்து வைத்திருந்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வேறொரு மெக்கானிக்கைத் தேடிப் போனோம். அவர் நம்முடைய பழைய மாணாக்கர். பௌதிகத்தில் 35 மார்க்கைத் தாண்டாதவர்.

முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். "உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் அது காற்றைப்போல் அமுங்காது, ஸார். பிளக்கோடு சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்" என்றார். பிறகு கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இரண்டாவது துவாரத்திலிருந்து நீர் பீச்சியது. வெண்புகையின் மர்மம் விளங்கிற்று. எஞ்சின் தடையின்றிச் சுழன்றபடியால் பிஸ்டன்கள் இறுகவில்லை. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்கவில்லை. அதில் தண்ணீர் கலக்கவில்லை என்று தெரிந்தது.

அடுத்தபடியாக, ஸ்டார்ட்டரை ஓடவிட்டுக் கம்ப்ரெஷன் கேஜை வைத்து அளந்தார். ஒன்றிலும் நான்கிலும் 120 பவுண்டு. இரண்டிலும் மூன்றிலும் 50-க்குமேல் ஏறவில்லை. அவ்விரண்டிலும் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங்குகள் தேய்ந்திருந்தால் எண்ணெய் சந்தை அடைத்து அழுத்தத்தை உயர்த்தியிருக்கும். உயரவில்லை. "அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் தளர்ந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் காஸ்கெட் போயிருக்க வேண்டும், ஸார்" என்றார். ஹெட்டைத் தூக்கியதும், காஸ்கெட்டில் அதே இடத்தில் ஒரு கரிய வாய்க்கால் தெரிந்தது.

காஸ்கெட்டை மாத்திரம் மாற்றி அவர் நம்மை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஹெட்டின் அடிப்பாகத்தில் நேரான சட்டத்தை வைத்து, மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்தார். நடுவில் 0.15 மில்லிமீட்டர் வளைவு! அதைச் சமமாக அரைத்து வாங்கிவந்து, புதுக் காஸ்கெட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மூன்று சுற்றாக அளவுபார்த்து முறுக்கினார்.

"சரி, சூடு ஏன் ஏறியது?" என்று கேட்டோம். ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். குழாய்களில் பாதி சுண்ணாம்புப் படிவால் அடைந்திருந்தது. "என்ன தண்ணீர் ஊற்றினீர்கள், ஸார்?"

வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்! கடின நீரைக் காய்ச்சினால் சுண்ணாம்பு படியும் என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவர்கள் நாம். மாணாக்கர் சிரிக்கவில்லை; அது அவருடைய பெருந்தன்மை.

மொத்தச் செலவு 9,500 ரூபாய். ஆனி மாதத்தில் பெண்ணின் சம்பளத்தைக் குறித்த தேதியில் கட்டினோம்.

மோட்டார் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: முள் ஏறினால் உடனே வண்டியை நிறுத்துங்கள். சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். குளிர்விக்கும் திரவத்தை முறைப்படி மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இருப்பவர் "நிறுத்துங்களேன்" என்றால் செவி கொடுங்கள். முகூர்த்தத்துக்குத் தாமதமாக வந்தவனுக்கும் சாப்பாடு உண்டு.