பெஞ்சும் நாற்காலியும்: 'பொது' என்பது யார்?

'பொது' என்கிற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்தி வருகிறோம். பொதுமக்கள், பொது இடம், பொது அமைதி. யார் அந்தப் பொது என்று மட்டும் கேட்பதில்லை. பொது இடங்களில் குடிப்பதைக் கட்டுப்படுத்த இங்கிலாந்தின் நகர்மன்றங்கள் போடும் விதிகளைப் படித்துக்கொண்டு போனபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்தது. குடி நல்லதா கெட்டதா என்கிற ஒழுக்க விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அங்கே மதுவிலக்கும் கிடையாது. குடிக்கலாம். எங்கே உட்கார்ந்து குடிக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

1988இல் கவென்ட்ரி நகரம் தன் மையத் தெருக்களில் குடிப்பதைத் தடுக்கும் துணைவிதியைக் கொண்டுவந்தது. வேறு நகரங்களும் அந்த வழியில் போயின. 2001ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. ஒரு பகுதியை நகர்மன்றம் குறித்துவிட்டால், அங்கே குடிப்பவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் போலீசுக்கு வந்துவிடும். 2014இல் வந்த சட்டம் 'பொதுவெளிப் பாதுகாப்பு ஆணை' என்ற புதிய கருவியை உண்டாக்கியது. பழைய ஆணைகளும் 2017 அக்டோபரில் தாமாகவே இதற்குள் வந்து சேர்ந்தன.

இந்த ஆணை வேலை செய்கிற விதம் கவனிக்கத்தக்கது. தடை செய்த இடத்தில் குடிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. போலீஸ்காரரோ நகர்மன்றம் அதிகாரம் அளித்த ஊழியரோ வந்து, 'குடிக்கிறதை நிறுத்து, கையிலிருக்கிற டின்னைக் கொடு' என்று கேட்க வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்தால்தான் குற்றம். அதற்கு 500 பவுண்டு வரை அபராதம். ஆக, தண்டனை குடிக்கு இல்லை, கீழ்ப்படியாமைக்கு. புல்வெளியில் ஒயின் பாட்டிலோடு ஒரு குடும்பம். பக்கத்து பெஞ்சில் பீர் டின்னோடு ஒரு ஆள். விதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை அதிகாரியின் கண் தீர்மானிக்கிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்தக் கண்ணைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

விலக்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உரிமம் பெற்ற மதுக்கடைக்கு ஆணை பொருந்தாது. சாலைச் சட்டப்படி அனுமதி வாங்கி நடைபாதையில் போட்ட மேசைக்கும் பொருந்தாது. நகர்மன்றமே தன் இடத்தில் மது விற்றால், விற்கும் நேரத்துக்கும் முடிந்த பிறகு 30 நிமிடத்துக்கும் விலக்கு உண்டு. 'பப்' என்பதன் முழுப்பெயரே 'பொது இல்லம்' என்று பொருள்படும். தனியார் கடைக்குப் பொது என்று பெயர். அங்கே காசு கொடுத்து நாற்காலி பிடித்தவர் பொதுமக்கள். பொதுப் பணத்தில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தவர் தொந்தரவு. பீர் ஒன்றே, நடைபாதையும் ஒன்றே. மாறுவது இருக்கையின் விலைதான்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. இருட்டிய பிறகு அந்தச் சதுக்கத்தைக் கடக்கிற பெண்ணின் பயம் கற்பனையல்ல. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் கிடக்கும் கண்ணாடிச் சில்லும் கற்பனையல்ல. இதை 'நடுத்தர வர்க்கப் பதற்றம்' என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வது 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். புதிய விதி சேர்த்திருப்பது ஒன்றே ஒன்று: இனி ரகளை நடக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். எழுப்பி விடப்பட்டவர் குடியை விட்டுவிடப் போவதில்லை. வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற சதுக்கத்தை விட்டு, கேட்பாரற்ற கால்வாய்க் கரைக்குப் போவார். அங்கே அவர் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது?

காஃபி விடுதிகளில் பொதுவெளி பிறந்த கதையை ஹேபர்மாஸ் சொன்னார். யார் யாரை வெளியே நிறுத்தி அது பிறந்தது என்று நான்சி ஃபிரேசர் 1990இல் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் சட்டப் பிரதியை வாசிக்க வேண்டும். 'அந்த வட்டாரத்தில் இருப்பவர்களின்' வாழ்க்கைத் தரம் கெடுகிறது என்று காட்டித்தான் ஆணை போட முடியும். பெஞ்சில் இருப்பவர் எந்த வட்டாரம்? ராத்திரியும் அங்கேயே படுப்பவரை விட அந்த வட்டாரத்துக்காரர் வேறு யார் இருக்க முடியும்?

சட்டம் இவரை முழுக்க மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு வழக்கமாக வந்துபோகிறவரும் ஆறு வாரத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் ஆணையை எதிர்க்கலாம். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அலைகிறவர் உயர்நீதிமன்றம் போவாரா என்பது வேறு விஷயம். டின்னைக் கேட்கிற நகர்மன்ற ஊழியரிடம் அதிகாரச் சான்றைக் காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் அவர் சொன்னது செல்லாது. இதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

களத்தில் வேலை செய்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆணையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம். நீட்டிப்பதற்கு முன் போலீசையும் நில உரிமையாளரையும் கலந்தாலோசிக்க வேண்டும், சமூகப் பிரதிநிதிகளையும் கேட்க வேண்டும். யார் அந்தப் பிரதிநிதிகள் என்பதை நகர்மன்றமே முடிவு செய்துகொள்ளும். அந்தக் கலந்தாலோசனைப் படிவம் பெஞ்சுக்குப் போனதா என்பதை நாம் முதலில் கேட்க வேண்டும்.