நூறு சென்ட் கிரவுண்டு, ஆறு ஜோடி பூட்

கால்பந்து விதிகள் அனுமதிக்கும் மிகச் சிறிய ஆடுகளம் 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டது. பரப்பு 4,050 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் 100 சென்ட். பெரிய போட்டிகளில் வழக்கமான 105 × 68 மீட்டர் களத்துக்கு 176 சென்ட் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர்; மாநிலச் சராசரி 555. ஆளுக்கு வரும் நிலம் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். அதிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு காடு. காட்டைக் கழிக்காமலே பார்த்தாலும் ஒரு முழு கிரவுண்டு 8 பேரின் பங்கை எடுத்துக்கொள்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல் நாட்டைவிட மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எனக் கடலோரத்தில் கால்பந்து வேர்விட்டதற்கு மணல் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குச் சென்ட் விலை கிடையாது.

அந்த 100 சென்ட்டில் அணிக்கு 11 பேராக 60 நிமிடம் ஆடினால், 22 பேருக்கு ஒரு பந்து. சமமாகப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு 2.7 நிமிடம். அணிக்கு 5 பேர் ஆடும் சிறு களத்துக்குச் சுமார் 1,000 சதுர மீட்டர் போதும், 25 சென்ட். அதே நிலத்தில் 4 களம், 4 பந்து, 40 பிள்ளைகள். ஆளுக்கு 6 நிமிடம். ஆடும் பிள்ளைகள் 82 விழுக்காடு கூடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் பந்து கிடைக்கும் நேரம் 2.2 மடங்காகிறது. (பந்து வெளியே போகும் நேரத்தைக் கழித்தால் இரண்டு எண்களும் குறையும்; விகிதம் பெரிதாக மாறாது.) 11 பேர் ஆட்டத்தை 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குவது என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2012-இல் முடிவெடுத்தது. இங்கே 9 வயதுப் பிள்ளையின் பெற்றோர் சிறு களத்தைப் பார்த்துவிட்டு, "சார், மேட்ச் எப்ப?" என்று கேட்கிறார்கள்.

2.7 நிமிடம் என்பது ஏறத்தாழ 160 நொடி. கோட்டுக்கு வெளியிலிருந்து "லேய் மக்கா, அடில!" என்று கத்த 2 நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் 40 முறை கத்தினால் 80 நொடி. பிள்ளையின் பங்கில் பாதி. கூச்சலுக்குத் திரும்பிப் பார்க்கும் பின்கள வீரன் பந்தைத் தவறவிடும் நொடிகள் இதில் சேரவில்லை.

கத்துவதன் பின்னால் இருக்கும், பிள்ளை பெரிய லீக்கில் ஆடுவான் என்ற நம்பிக்கைக்கும் எண் உண்டு. 2024-25 இந்தியன் சூப்பர் லீக்கில் 13 அணிகள். களத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 வெளிநாட்டவர் ஆடலாம் என்பதால் இந்தியருக்கு உறுதியான இடம் 13 × 7 = 91. 2011-இல் இம்மாவட்டத்தில் 0-6 வயதுச் சிறுவர்கள் 92,835 பேர். ஒரு வயதுக்குச் சராசரி 13,262. நாட்டின் 91 இடமும் ஒரே ஆண்டில் காலியாகி, எல்லாம் குமரி மாவட்டத்துக்கே கிடைத்தாலும் 0.69 விழுக்காடு. அதே வயதில் சிறுமிகள் 89,515 பேர். அவர்களுக்கான தேசிய லீக்கில் 2024-25-இல் இருந்தவை 8 அணிகள். இதற்கு நடுவே 2025 ஜூலையில் சூப்பர் லீக்கின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது.

இரவிபுத்தன்துறையிலிருந்து சூப்பர் லீக்கை எட்டியவர் மைக்கேல் சூசைராஜ். பிறப்பு 1994. 2018-19-இல் ஜாம்ஷெட்பூர், 2019-இல் இந்திய அணி, 2019-20-இல் கோப்பை வென்ற ஏ.டி.கே. அணி. 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதல் கால் மணி நேரத்துக்குள் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அப்போது வயது 26. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 0.69 விழுக்காட்டுக்குள் நுழைந்தவருக்கும் இதுதான் நிலை.

செலவுப் பக்கம் இதைவிடத் தெளிவு. 8 வயது முதல் 13 வரை பாதம் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், பூட்டின் ஒரு சைஸ் கூடுவது 0.85 செ.மீ. 5 ஆண்டில் 6 சைஸ், 6 ஜோடி. அடிப்படை விலை 1,500 ரூபாய் என்று வைத்தால், முன்பிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு 1,770 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 விழுக்காடு, 1,575 ரூபாய். 6 ஜோடிக்கு மிச்சம் 1,170 ரூபாய், மொத்தச் செலவு 9,450 ரூபாய். தமிழ்நாட்டின் 2025-26 நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். 9,450 என்பது 28 நாள் கூலி. ஒரு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் துணி திணிக்கும் வீடுகளில் 6 ஜோடி 3 ஆகிறது. அண்ணன் பூட் தம்பிக்கு வந்தால் இன்னும் குறையும்.

மீனவர் வீட்டில் இதே கணக்கு: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 2024-க்கு முன் 5,000. தடை 61 நாள். நாளுக்கு 131 ரூபாய். ஒரு ஜோடி பூட் 12 நாள் நிவாரணத்துக்குச் சமம்.

தடைக்காலம் இன்னொரு கணக்கையும் மாற்றுகிறது: விசைப்படகில் போகும் அப்பா கரையில் இருக்கும் நாட்கள். இம்மாவட்டத்துக்கு இரண்டு தடை. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2025-இல் பள்ளி திறந்தது ஜூன் 2. சின்னமுட்டத்து அப்பாவுக்குப் பிள்ளையின் விடுமுறையில் மே மாதத்தின் 31 நாளும் ஜூன் 1-ம் கிடைத்தன. தேங்காப்பட்டணத்து அப்பாவுக்குத் தடையால் கிடைத்த விடுமுறை நாள் 1. பள்ளி திறந்த பின் அவருக்கு மிஞ்சியவை ஞாயிறுகள்: ஜூனில் 4, ஜூலையில் 4, தென்மேற்குப் பருவமழையும் அந்த 8 ஞாயிறுகளில்தான். அம்மா 52 ஞாயிறும் ஊரில் இருக்கிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவர் பிள்ளையோடு கிரவுண்டுக்கு வர, அவருக்கான பயணச் செலவு 0 ரூபாய்.