எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றவுடன் நம்மில் பலருக்குச் செல்வந்தர் வீட்டு வரவேற்பறையும், பெரிய ஓட்டல்களின் பூச்சாடியும்தான் நினைவுக்கு வரும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் அது வளரும் என்றால் நகைப்பர். சில ஆண்டுகளுக்கு முன்பு யாரேனும் சொல்லியிருந்தால் நானும் நகைத்திருப்பேன். இன்று எங்கள் வீட்டில் மூன்று ஆர்க்கிட் செடிகள் இருக்கின்றன. ஒன்றைக் கொன்றுவிட்டுத்தான் இம்மூன்றையும் வளர்க்கக் கற்றேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓராண்டு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். அப்போது ஏற்காடு கோடை விழாவுக்குப் போன இடத்தில், ஊதாப் பூக்களுடன் நின்ற ஒரு டென்ட்ரோபியம் செடியை 350 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நட்டோம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். ரோஜாவுக்குச் செய்வதைத்தானே செய்தோம்? இருபதே நாளில் இலைகள் மஞ்சளாயின. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் எல்லாம் அழுகிக் கூழாகியிருந்தன. "அந்தக் காசுக்கு உங்கப்பாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கியிருக்கலாம்" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள்.

அது ஏன் செத்தது என்பதைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். டென்ட்ரோபியம், வாண்டா, பலனாப்சிஸ் போன்றவை தொற்றுத் தாவரங்கள். மரக்கிளையின் மேல் அமர்ந்து வாழ்பவை, மண்ணை அறியாதவை. அவற்றின் வேரைச் சுற்றி வெலாமன் என்னும் உறை உண்டு. அது உயிரற்ற செல்கள் பல அடுக்காக அமைந்த ஒரு பஞ்சு எனலாம். மழை பெய்தால் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். உலர்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். இந்த வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. சதா ஈரமாக இருக்கும் மண்ணுக்குள் அதைப் புதைப்பது மூச்சை அடைப்பதற்குச் சமம். நாங்கள் செய்தது அதைத்தான்.

என் தந்தையார் மாந்தோப்பு ஒன்றில் காவலும் கவாத்தும் பார்ப்பவர். நான் முதலாண்டு படிக்கும்போது, ஆகஸ்டு மாதத்தில் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்த அவருக்குச் சோறு கொண்டுபோனேன். வெட்டிப் போட்ட குப்பையில் தடித்த இலைகளும் நீண்ட வெள்ளை வேர்களுமாக ஒரு செடி கிடந்தது. வகுப்பில் பார்த்த அதே வாண்டா! "இது என்னப்பா?" என்றேன். "புல்லுருவி. மரத்தை உறிஞ்சிக் கொன்னுடும்" என்றார். "இது புல்லுருவி இல்லைப்பா. இது மரத்திலிருந்து ஒன்றும் எடுக்காது" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முப்பது ஆண்டுகளாக மரம் ஏறுகிறவரிடம் ஓராண்டுகூடப் படிக்காதவள் பேசுகிறேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. புல்லுருவி பிடித்த கிளை ஒன்றை எடுத்து, அது ஒட்டிய இடத்தை அரிவாளால் பிளந்தார். கிளை முண்டு கட்டியிருந்தது; புல்லுருவியின் கட்டை மாமரத்தின் கட்டைக்குள் புகுந்து ஒன்றாகியிருந்தது. அடுத்து வாண்டா இருந்த கிளையை எடுத்தார். வேரைப் பிடித்து இழுத்ததும் பட்டையின் மேல்தோலோடு உரிந்து வந்தது. உள்ளே ஒரு துளைகூட இல்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா இதையும் சேர்த்துல்ல வெட்டிப் போட்டிருக்கேன்" என்றார்.

அந்தச் செடியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கே தொங்கவிடுவது என்று நான் யோசிக்க, "மேற்கு வெயில் அடிக்கிற கிளையில இதை நான் பார்த்ததில்ல. கிழக்குப் பக்கம் மாட்டு" என்றார் அப்பா. நூல்களும் அதையே கூறுகின்றன: காலை வெயில் நன்று, உச்சி வெயிலும் மாலை வெயிலும் இலையைச் சுட்டுவிடும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்றும், வெளிறி மஞ்சளோடினால் வெளிச்சம் மிகுதி என்றும் கொள்ளலாம். நிழலில் செடி சாகாது, ஆனால் பூக்காது.

இனி, வாங்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். நம் சமவெளி வெப்பத்திற்கு மிக எளிதானது கலப்பின டென்ட்ரோபியம். வீட்டுக்குள் சன்னலோரம் வைக்கப் பலனாப்சிஸ். மண்ணில்தான் வளர்ப்பேன் என்போருக்கு ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்னும் தரை ஆர்க்கிட் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு ஏற்றது அதுதான்! சிம்பிடியத்தை மட்டும் அழகில் மயங்கி வாங்காதீர்கள். இரவுக் குளிர் இல்லாத ஊரில் அது பூப்பது அரிது. வாங்கும்போது பூவைப் பார்ப்பதைவிட வேரைப் பாருங்கள். தடித்து விறைப்பாக இருக்க வேண்டும்.

தொட்டிக்கு மண்ணே வேண்டாம். பக்கமெல்லாம் துளையுள்ள மண்சட்டியில் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் போதும். தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிச் சாயத்தைப் போக்கிவிட வேண்டும். அது ஓரிரண்டு ஆண்டில் மட்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது. வாண்டாவுக்குச் சட்டிகூட வேண்டாம். மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடலாம்.

எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு வேரே விடை சொல்லும். வெள்ளியானால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். தொங்கும் வாண்டாவுக்குக் கோடையில் நாள்தோறும் காலையில் நீர் வேண்டும். டென்ட்ரோபியம் தன் தடித்த தண்டில் நீரைச் சேமித்து வைத்திருப்பதால் இரண்டொரு நாள் பொறுக்கும். பலனாப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தங்கினால் அழுகும். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் படிகிறது. ஆகவே மழைநீரைக் குடத்தில் பிடித்து வைக்கிறோம். உரம் என்றால் நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் மட்டும் கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். அள்ளிப் போட்டால் வேர் கருகும்.

டென்ட்ரோபியத்தின் இலையுதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்தது என்றெண்ணி வெட்டிவிடாதீர்கள். அதில்தான் உணவு இருக்கிறது. சில வேளை அதன் கணுவிலிருந்து குட்டிச் செடியும் முளைக்கும். எங்கள் பேராசிரியர் கொடுத்த அத்தகைய குட்டிதான் என் இரண்டாவது செடி. மூன்றாவது, திருமண மண்டபத்தில் பூ உதிர்ந்ததும் தூக்கியெறிந்த பலனாப்சிஸ். இரண்டு புது இலை விட்டிருக்கிறது. பூக்காம்பு இன்னும் வரவில்லை. எங்கள் ஊர் வெக்கை தணிந்தால்தான் வரும் போலும்.

ஒரு வேண்டுகோள். காட்டிலிருந்து பிடுங்கியதை மலைப்பாதையில் யாரேனும் விற்றால் வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவுகூட அதில் இராது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். அகத்தியமலையின் மஞ்சள் நிறப் பாபியோபெடிலம் துரூரி, சேகரிப்போரின் ஆசையாலேயே அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1922இல் நட்சன் என்பவர் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்க வைத்தார். 1960இல் மோரெல் நுனித்திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். இன்று கடையில் மலிவாகக் கிடைப்பவை இவ்வாறு குப்பியில் பிறந்தவையே. காட்டு இனங்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

சென்ற ஏப்ரலில் எங்கள் வாண்டா பூத்தது. பழுப்பு மஞ்சளில் கட்டம் போட்ட இதழ்கள், நடுவே நீலம் கலந்த ஊதா உதடு. பக்கத்தில் போனால் நறுமணம். அம்மா தெருப் பெண்களை எல்லாம் அழைத்துக் காட்டினாள். ஆகஸ்டில் மறுபடி கவாத்து வந்தது. வாண்டா இருந்த கிளை ஒன்று பட்டுப்போயிருந்ததால் அதை வெட்டியே தீர வேண்டும். அப்பா செடியைப் பிய்க்காமல் கிளையோடு அறுத்து இறக்கி, தோப்பு வாசலிலுள்ள வேப்பமரத்தின் கிழக்குப் பக்கத்தில் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். புது வேர் ஒன்று வேப்பம்பட்டையைத் தொட்டுவிட்டது என்று நேற்று வந்து சொன்னார்.