ஒட்டிக்கொள்ளாத தோல்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலில் சுற்றுவதுதான் வழக்கம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலையின் சூடு கொப்புளம் போட்டதே வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். வலிக்காத காலை யார் தாங்கித் தாங்கி நடப்பார்கள்? அதே இடம் அழுந்தி அழுந்திப் புண் ஆறாமல் நிற்கும். கணுக்காலருகே வரும் வெரிகோஸ் புண்ணுக்குக் காரணம் வேறு: சிரைகளின் வால்வுகள் பழுதாகி ரத்தம் காலிலேயே தேங்குவது.

இத்தகைய புண்களில் அழற்சி அடங்குவதில்லை. மிகுதியாகச் சுரக்கும் நொதிகள் புதிதாக உருவாகும் கொலாஜன் என்ற தோல் புரதத்தையும் வளர்ச்சிக் காரணிகளையும் சிதைத்துவிடும். ஓரத்துச் செல்கள் மூப்படைந்து நகராமல் கிடக்கும்.

இதற்காக வந்ததுதான் ஆய்வகத் தோல். அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற ‘ஆப்ளிகிராஃப்’, மாட்டுக் கொலாஜனில் மனிதச் செல்களை வளர்த்த ஈரடுக்குத் தாள். பச்சிளம் குழந்தைகளுக்குச் சுன்னத்தின்போது நீக்கப்படும் தோலே அச்செல்களின் மூலம். ஆனால் அது புண்ணில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வேற்றாள் செல்கள் சில வாரங்களில் மறைந்துவிடும். இருக்கும்வரை நோயாளியின் சொந்தச் செல்களைத் தூண்டிவிடும், அவ்வளவுதான்.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளும் இதே கொலாஜனைத்தான் கையாளுகின்றன. பதனிடுவது அது அழுகாமலிருக்க. புண்ணில் வைக்கும் தாளோ உடலுக்குள் மெல்லக் கரைய வேண்டும். சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் செருப்புத் தோலோடு புண்ணுக்கான கொலாஜன் தாள்களையும் ஆராய்ந்ததில் வியப்பில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சும் சவ்வைக் கொண்டு ‘கோலிடெர்ம்’ உருவாக்கியது; 2023இல் அதற்கு அனுமதி கிடைத்தது. உயிருள்ள செல் இல்லாததால், ஆப்ளிகிராஃப் போல் சில நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டிய அவசரம் இதற்கில்லை.

பலன்? வெரிகோஸ் புண்களில் நடந்த ஆப்ளிகிராஃப் சோதனையில், அழுத்தக் கட்டோடு தாளும் வைத்தவர்களில் ஆறு மாதத்தில் 63 சதவீதம் பேருக்கு ஆறியது; கட்டு மட்டும் போட்டவர்களில் 49. எனக்கு அந்த 49தான் பெரிதாகத் தெரிகிறது. வெறும் கட்டு, ஒழுங்காகச் சுற்றினால் பாதிப் பேருக்குப் போதும்!

அதனால் மருத்துவர் முதலில் பாதத்தில் நாடித்துடிப்பைத் தேடுவார். ரத்த ஓட்டம் குன்றிய காலை இறுக்கிக் கட்டக்கூடாது. பிறகு செத்த சதையை நீக்குவார். பாதப் புண் என்றால், எடை படாதபடி மாவுக்கட்டோ தனிக் காலணியோ தருவார். இவ்வளவும் செய்து நான்கு வாரத்தில் புண் பாதியாகக்கூடச் சுருங்கவில்லை என்றால்தான் தாளைப் பற்றிய பேச்சே வரும்.